ஒரே வேளையா, ரெண்டு வேளையா? சேத்துப்பட்டில் கிடைத்த பதில்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் எந்த மெடிக்கல் ஷாப்புக்குப் போனாலும் மாத்திரைக் கவர்மேல் 1-0-1, 1-0-0 என்று எழுதித் தருவாங்க. இந்தக் கணக்கு எங்கிருந்து வருது என்று தேடினால், ஒரு மருந்துக்கான பதில் சென்னையிலேயே இருக்கு.

1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு நான்கும் சேர்ந்து சேத்துப்பட்டில் காசநோய் மருந்தாய்வு மையத்தைத் தொடங்கின. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் முன்னின்று நடத்தினார். சானடோரியத்தில் படுக்க வேண்டாம், வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டும் குணமாகலாம் என்று 1959இல் இந்த மையம் காட்டியது. கூலி வேலை செய்யும் குடும்பங்களுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி!

ஆனால் வீட்டில் மாத்திரை ஒழுங்கா உள்ளே போகணுமே? ஐசோனியாசிட்டோடு கொடுத்த பி.ஏ.எஸ். என்ற மருந்து தினமும் சுமார் 10 கிராம், வயிற்றைப் புரட்டும். ஐசோனியாசிட் மட்டும் போதுமா என்று சோதித்தார்கள். ஒரு குழுவுக்கு நாள் அளவு முழுவதும் ஒரே வேளையில். இன்னொரு குழுவுக்கு ஏறக்குறைய அதே அளவு இரண்டாகப் பிரித்து. மூன்றாவது குழுவுக்கு அதில் பாதி.

ரத்தத்தில் மருந்து எப்போதும் ஒரே மட்டத்தில் இருக்கணும், அதனால் பிரித்துக் கொடுப்பதே நல்லது என்றுதான் யாருக்கும் தோன்றும். 1960இல் வெளியான முடிவு வேறு மாதிரி. தனி ஐசோனியாசிட் குழுக்களில் ஒரே வேளைக் குழுதான் முந்தியது. காசநோய்க் கிருமி மெதுவாகப் பெருகுவது. அதற்கு மருந்து ஒருமுறை உச்சத்துக்கு ஏறுவதுதான் முக்கியம். ஆனாலும் பி.ஏ.எஸ். சேர்ந்த கூட்டு மருந்துக்கு எந்தத் தனி மருந்தும் ஈடாகவில்லை.

ஒரே வேளை என்றால் பக்கத்தில் நின்று விழுங்க வைக்கலாம் இல்லையா? வாரம் இருமுறை, ஊழியர் கண்முன்னே மருந்து கொடுத்த ஆய்வை 1964இல் இதே மையம் வெளியிட்டது. பிற்கால ‘டாட்ஸ்’ முறைக்கு அதுவும் ஒரு வேர். 2017இல் இந்தியா மறுபடி தினசரி மருந்துக்கு மாறியது; ஆனால் பிரிக்கவில்லை. 45 கிலோ எடையுள்ளவருக்கு ஆரம்பக் கட்டத்தில் நான்கு மருந்து கலந்த 3 மாத்திரை, ஒரே வேளையில்.

இது காசநோய்க்கான கணக்கு. சீக்கிரம் உடம்பை விட்டு வெளியேறும் பல மருந்துகளைப் பிரித்துத்தான் சாப்பிடணும். டாக்டரைக் கேட்காமல் 1-0-1ஐ 2-0-0 ஆக்கிடாதீங்க. எஸ்டேட்டில் ஷிஃப்டுக்குப் போகிறவர் காலையிலேயே மூன்றையும் விழுங்கிவிட்டுக் கிளம்ப முடிகிறதே, அந்தச் சௌகரியத்துக்குப் பின்னால் சென்னையின் ஏழை நோயாளிகள் பங்கெடுத்த ஆய்வு இருக்கிறது.