மணிக்கட்டு வலியில் பிறந்த மோர்ஸ் பேடில்

மோர்ஸ் கோடுன்னா நமக்கெல்லாம் சட்டுன்னு ஞாபகம் வர்றது தந்தி ஆபீஸ்தான். மேஜைமேல ஒரு பித்தளைக் கட்டை, அதை மேலும் கீழுமா தட்டிக்கிட்டே இருக்கிற ஒருத்தர். ஆனா இன்னைக்கு ஹாம் ரேடியோ மக்கள் பலர் கையில இருக்கிறது 'பேடில்'. ரெண்டு தகடு. பக்கவாட்டுல லேசா தொட்டா போதும். ஏன் இப்படி மாறிச்சுன்னு தேடிப்போனா, விடை மணிக்கட்டுல வந்து நிக்குது.

ஒரு சின்ன கணக்கு. மோர்ஸ் வேகத்தை அளக்க 'பாரிஸ்'ங்கிற வார்த்தையைத்தான் எடுத்துக்குவாங்க. அதுல 10 புள்ளி, 4 கோடு. மொத்தம் 14 தட்டு. நிமிஷத்துக்கு 20 வார்த்தைன்னா 280 தட்டு. ஒரு மணி நேரத்துக்கு 16,800! கை என்னத்துக்கு ஆகும்?

அமெரிக்காவுல இந்த வலிக்கு 'கண்ணாடிக் கை'ன்னே பேர் வச்சாங்க. பிரிட்டன்ல 1908-ல் இதை நஷ்டஈடு தரவேண்டிய தொழில் நோய்ப் பட்டியலில் சேர்த்தார்கள். ஆனால் 1911-ல் அங்கே தபால் துறைக் குழு ஒன்று, ஓயாத அசதியோடு தந்திக்காரரின் 'நரம்புத் தளர்ச்சி'யும் சேர்ந்துதான் காரணம் என்றது. வேலை பார்த்தவன் மேலயே பாதிப் பழி!

இதற்குள் 1904-ல் ஹோரேஸ் மார்ட்டின் என்ற அமெரிக்கத் தந்திக்காரர் 'வைப்ரோப்ளெக்ஸ்' கருவிக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். கட்டைவிரலால் ஒரு பக்கம் தள்ளினால், ஸ்பிரிங் அதிர்ந்து புள்ளிகளை வரிசையா தானே போடும். கோடுகளை மட்டும் கையால் போடணும். பிறகு எலக்ட்ரானிக் கீயர் வந்து கோடுகளையும் ஏத்துக்கிச்சு. புள்ளி ஒரு பங்கு நேரம், கோடு மூணு பங்கு. எண்ணுகிற வேலை சர்க்யூட்டுக்கு. சி எழுத்துக்குப் பழைய கட்டையில நாலு தட்டு. ரெட்டைத் தகடு பேடில்ல ரெண்டையும் சேர்த்து ஒரே பிடி.

காஞ்சிபுரத்துக்காரனுக்கு இது புதுசில்லை. கோர்வைச் சேலையில உடலுக்கும் ரெண்டு கரைக்குமா மூணு நாடா. ஒவ்வொரு ஊடைக்கும் கை போய்ப் போய் வரணும். ஜக்கார்டு பெட்டி வந்தப்புறம் எந்த இழை தூக்கணும்கிற கணக்கை அட்டையில இருக்கிற ஓட்டை பார்த்துக்குது. ஆனா நாடா தள்ளுற கை இன்னும் மனுஷக் கைதான்.

பேடிலை வீட்டுலயே செய்யலாம். நான் செஞ்சது ஆக்ஸா பிளேடு ரெண்டு துண்டு, ஒரு மரக்கட்டை, நாலஞ்சு போல்ட்டு வச்சு. பெயின்ட்டைச் சுரண்டிட்டு ஒயர் பத்தவைங்க. தகட்டுக்கும் போல்ட்டுக்கும் நடுவுல ஒரு பேப்பர் நுழையிற இடைவெளி. மூணு ஒயர்: புள்ளி, கோடு, பொது. ஒரு அர்டுயினோ கீயர் வேலையைப் பார்த்துக்கும். வீட்டுல பீப் சத்தம் வச்சுப் பழக லைசென்ஸ் வேண்டாம். காத்துல அனுப்பத்தான் வேணும்.

2003-ல் ஜெனீவா மாநாட்டில் ஹாம் உரிமத்துக்கு மோர்ஸ் கட்டாயம் என்ற சர்வதேச விதி போச்சு. 2013 ஜூலையில் நம்ம நாட்டுத் தந்தியும் போச்சு. இனி யாரும் யார் கையையும் வலிக்க வச்சு மோர்ஸ் வாங்கப் போறதில்லை. ஆசைப்பட்டுத் தட்டுறவங்க மட்டும்தான் பாக்கி.

மவுஸ் பிடிச்சே மணிக்கட்டைத் தேய்க்கிற சாப்ட்வேர் மக்களே, அந்த 1911 குழு சொன்னதை யாராவது உங்ககிட்டயும் சொன்னா நம்பாதீங்க :-)