பல்செட்டின் கதை: யாருடைய பல், யாருடைய வாய்?

"பல்லு போனா சொல்லு போச்சு"ன்னு நம்ம ஊர்ல ஒரு பழமொழி உண்டு. சொல் மட்டுமா போகும்? சோறும் சேர்ந்துதான் போகும்.

பல் போன பெரியவர்கள் முதலில் முறுக்கை விடுவாங்க. அப்புறம் கறி, சுண்டல், கீரைத்தண்டு, கொய்யான்னு ஒவ்வொன்றாக விட்டுடுவாங்க. கடைசியில் கஞ்சி, ரசம் சாதம், டீயில் நனைத்த பன் என்று தட்டு சுருங்கிவிடும். மாவுச்சத்து ஏறும். புரதம் இறங்கும். சர்க்கரை நோய் இருந்தால் கட்டுப்பாடு கைவிட்டுப் போகும்.

நான் பல் மருத்துவர் அல்ல. அரசு மருத்துவமனையில் பொது மருத்துவம் பார்க்கும் எம்.பி.பி.எஸ். மருத்துவர். இருந்தாலும் பல்செட்டின் வரலாற்றை உங்களுக்குச் சொல்லணும்னு ரொம்ப நாளா ஆசை. ஏன்னா இன்று ஆபரேஷன் தியேட்டரில் நாம் வலியில்லாமல் படுத்திருப்பதற்கே பல்செட்டு ஒரு காரணம். கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையா வாசிங்க.

வாசிக்கும்போது ஒரே ஒரு கேள்வியை மட்டும் மனதில் வச்சுக்கோங்க. இந்தப் பல்லுக்கு விலை கொடுத்தது யார்?

அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டனில் இருந்து தொடங்கலாம்.

1789 ஏப்ரல் 30 அன்று அவர் பதவியேற்றபோது வாயில் மிச்சமிருந்த சொந்தப் பல் ஒன்றே ஒன்று. அவர் மரப்பல் கட்டியிருந்தார் என்று அமெரிக்காவில் இன்றும் ஒரு கதை உலவுகிறது. அது தவறு. ஜான் கிரீன்வுட் என்ற பல் மருத்துவர் அவருக்கு நீர்யானைத் தந்தத்தைச் செதுக்கிப் பல்செட்டு செய்து கொடுத்தார். அதில் மனிதப் பற்களைப் பொருத்தியிருந்தார். மிச்சமிருந்த அந்த ஒற்றைப் பல் நுழைவதற்கு ஒரு ஓட்டையும் விட்டிருந்தார்.

மேல் செட்டு கீழே விழாமல் இருக்க மேலுக்கும் கீழுக்கும் நடுவில் ஸ்பிரிங் இருக்கும். அது எப்போதும் வாயைத் திறக்கவே பார்க்கும். வாயை மூடி வைத்திருக்க நாள் முழுக்கத் தாடையை இறுக்கிக்கொண்டே இருக்கணும். சாப்பிடுவதை விடுங்க, பேசுவதே பெரும்பாடு.

சரி, அந்தக் காலத்தில் மனிதப் பல் எங்கிருந்து கிடைத்தது?

வாஷிங்டனின் பண்ணைக் கணக்குப் புத்தகத்தில் 1784-ஆம் ஆண்டில் ஒரு வரி இருக்கிறது. கறுப்பினத்தவர்களிடம் 9 பற்கள் வாங்கியதற்கு 6 பவுண்டு 2 ஷில்லிங். அவருக்குப் பல் பார்த்த பிரெஞ்சு மருத்துவரின் பெயரில் எழுதப்பட்ட செலவு அது. "காசு கொடுத்துத்தானே வாங்கினார்?" என்று நீங்கள் கேட்கலாம். அடிமையாக இருப்பவரிடம் எஜமான் வந்து "பல்லை விற்கிறாயா?" என்று கேட்டால் அது கேள்வியா, கட்டளையா? நீங்களே சொல்லுங்க.

அடுத்து 1815 ஜூன் 18, வாட்டர்லூ. நெப்போலியன் தோற்ற போர். ஒரே நாளில் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் செத்து விழுந்தார்கள். அவர்களின் உடைமைகளோடு சேர்த்து, வாயில் இருந்த பற்களையும் குறடு வைத்துப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். இளம் வயதுப் பல், சொத்தை இல்லாத பல். நல்ல விலை. இப்படி இறந்தவர்களின் வாயிலிருந்து வந்த பற்களுக்கு "வாட்டர்லூ பற்கள்" என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஐரோப்பியப் பணக்காரர்கள் அதைக் கட்டிக்கொண்டு விருந்துகளில் சிரித்தார்கள்.

இதற்கு மாற்று தேடியவர்களும் இருந்தார்கள். பாரிஸ் பக்கம் டூஷாட்டோ என்று ஒரு மருந்துக்கடைக்காரர். அவருடைய தந்தப் பல்செட்டு கடையில் கையாளும் மருந்துகளின் வாடையை எல்லாம் உறிஞ்சிக்கொண்டு நாறும். தினமும் பீங்கான் பாத்திரங்களைக் கையாளும் மனிதருக்கு, பல்லையும் பீங்கானில் செய்தால் என்ன என்று தோன்றியது. 1770-களில் முயன்று பார்த்தார். சூளையில் சுட்டதும் பீங்கான் சுருங்கிவிடும், அளவு மாறிவிடும். டுபுவா டி ஷெமான் என்ற பல் மருத்துவர் அதை மேம்படுத்தி விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1808-இல் ஃபான்ஸி என்ற இத்தாலியர் ஒவ்வொரு பல்லையும் தனித்தனிப் பீங்கானாகச் செய்து, பிளாட்டினக் கம்பி வைத்துக் காட்டினார். இறந்தவர்களின் பல் மெல்லமெல்லத் தேவையில்லாமல் போனது.

இப்போ நான் சொன்ன ஆபரேஷன் தியேட்டர் கதைக்கு வருவோம்.

1840-களில் அமெரிக்காவில் ஹொரேஸ் வெல்ஸ், வில்லியம் மார்ட்டன் என்று இரண்டு பல் மருத்துவர்கள். கொஞ்ச காலம் கூட்டாகத் தொழில் செய்தவர்கள். பல்செட்டு சரியாக உட்கார வேண்டுமென்றால், ஈறுக்குள் மிச்சமிருக்கும் உடைந்த வேர்களை எல்லாம் பிடுங்கணும். மயக்க மருந்து கிடையாது. வலிக்குப் பயந்து ஜனங்கள் ஓடிவிடுவார்கள். வலியை ஜெயித்தால்தான் வியாபாரம்.

வெல்ஸ் 1844-இல் நைட்ரஸ் ஆக்சைடை முகர்ந்து தன் பல்லையே பிடுங்கச் செய்தார். வலிக்கவில்லை. ஆனால் அடுத்த ஆண்டு பாஸ்டனில் செய்துகாட்டியபோது நோயாளி கத்திவிட, அவமானப்பட்டுத் திரும்பினார். மார்ட்டன் ஈதரைக் கையில் எடுத்தார். 1846 அக்டோபர் 16 அன்று, மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஒரு நோயாளியின் கழுத்துக் கட்டியை அறுவைச் சிகிச்சை நிபுணர் வாரன் அகற்றினார். ஈதர் கொடுத்தது மார்ட்டன். உலக மருத்துவத்தையே புரட்டிப்போட்ட நாள் அது. இன்றைய சிசேரியனில் இருந்து பைபாஸ் வரை எல்லாவற்றுக்கும் அந்த நாள் ஒரு மூலம்.

வலி போனது. இனி பல்லைப் பிடுங்கிக்கொள்ள ஜனங்கள் தயார். ஆனால் பல்செட்டின் அடித்தட்டு இன்னும் தங்கம். சாமானியனுக்கு எட்டுமா?

அங்கேதான் ரப்பர் வருகிறது. கந்தகத்தைக் கூடுதலாகச் சேர்த்து ரப்பரைச் சூடாக்கினால் எலும்பு போலக் கெட்டியாகும். இதுதான் வல்கனைட். 1851-இல் நெல்சன் குட்இயர் இதற்குக் காப்புரிமை வாங்கினார். வாய்க்கு அச்சு எடுத்து, அந்த அச்சில் ரப்பரை அழுத்தி, நீராவியில் வேகவைத்தால் ஈறோடு ஒட்டி உட்காரும் தட்டு தயார். தங்கத்தோடு ஒப்பிட்டால் விலை மிகக் குறைவு. வரலாற்றில் முதல்முறையாகத் தொழிலாளி வீட்டுக்கும் பல்செட்டு போனது.

உடனே வந்தது பிரச்சினை. 1864-இல் ஜான் கம்மிங்ஸ் என்ற பல் மருத்துவருக்கு "ரப்பரில் பல்செட்டு செய்வது" என்பதற்கே காப்புரிமை கிடைத்தது. குட்இயர் டென்டல் வல்கனைட் கம்பெனி அதை வாங்கிக்கொண்டது. ரப்பர் பல்செட்டு செய்யும் ஒவ்வொரு பல் மருத்துவரும் கட்டணம் கட்டணும். கட்டாதவர்கள் மேல் வழக்கு. கம்பெனியின் பொருளாளர் ஜோசையா பேக்கன் ஊர் ஊராகப் போய் வழக்கு போட்டார். 1876-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் கம்பெனி பக்கமே தீர்ப்பளித்தது.

சாமுவேல் சால்ஃபன்ட் என்று ஒரு பல் மருத்துவர். கட்டணம் கட்ட மறுத்து, வழக்குக்குத் தப்பி ஊர் மாறிக்கொண்டே இருந்தார். பேக்கனும் விடவில்லை. 1879 ஏப்ரல் 13, ஈஸ்டர் ஞாயிறு. சான் பிரான்சிஸ்கோவில் பேக்கன் தங்கியிருந்த ஹோட்டல் அறைக்கே போனார் சால்ஃபன்ட். பேச்சு முற்றியது. துப்பாக்கி வெடித்தது. பேக்கன் இறந்தார், சால்ஃபன்ட் சிறைக்குப் போனார். 1881-இல் காப்புரிமைக் காலம் முடிந்தது.

கொலையை யாரும் நியாயப்படுத்த முடியாது. ஆனா ஒண்ணு கவனிங்க. மருந்து கண்டுபிடிக்கப்படுவது ஒரு நாள், அது ஏழைக்குக் கிடைப்பது இன்னொரு நாள். இரண்டுக்கும் நடுவில் ஒரு மதில் இருக்கும். அந்த மதிலுக்குப் பெயர் விலை.

அந்த மதிலை ஓர் அரசாங்கமே உடைத்துப் பார்த்த கதையும் உண்டு.

1948 ஜூலை 5. பிரிட்டனில் தேசிய சுகாதாரச் சேவை தொடங்கியது. எல்லோருக்கும் எல்லாச் சிகிச்சையும் இலவசம், பல்செட்டும் இலவசம். கூட்டம் அலைமோதியது. அரசு போட்ட கணக்கெல்லாம் தவிடுபொடி. "இலவசம்னா இப்படித்தான் அள்ளுவாங்க" என்று அன்றும் சிலர் பேசினார்கள். உண்மையில் அது பேராசைக் கூட்டமில்லை. பல வருஷமாகப் பல் இல்லாமல், வெறும் ஈறால் மென்றுகொண்டிருந்தவர்களின் கூட்டம்.

1951-இல் கொரியப் போர் நேரம். ராணுவச் செலவு எகிறியது. நிதியமைச்சர் கெய்ட்ஸ்கெல், இனி பல்செட்டுக்கும் கண்ணாடிக்கும் பெரியவர்கள் பாதி விலை கட்டணும் என்றார். அந்தச் சேவையை உருவாக்கிய அனூரின் பெவன் அப்போதும் அமைச்சரவையில் இருந்தார். முன்னாள் சுரங்கத் தொழிலாளி. அந்த ஏப்ரலில் பதவியைத் தூக்கி எறிந்துவிட்டு வெளியேறினார். பின்னாளில் பிரதமரான ஹரால்ட் வில்சனும் கூடவே ராஜினாமா செய்தார். பல்செட்டுக்காக அமைச்சர்கள் பதவி விலகிய கதை இது!

இதற்கிடையே 1930-களின் பிற்பகுதியில் அக்ரிலிக் வந்து வல்கனைட்டை ஓரங்கட்டியது. ஈறின் நிறத்திலேயே செய்யலாம். இன்று உங்கள் வீட்டில் இருப்பதும் பெரும்பாலும் அதுதான்.

"செட்டு கட்டி அஞ்சு வருஷம் ஆச்சு டாக்டர், இப்போ லொடலொடன்னு ஆடுது" என்று சொல்பவர்கள் நிறைய. செட்டு பெரிதாகவில்லை, அடியில் இருக்கும் எலும்பு கரைகிறது. 1972-இல் ஆன்ட்யே டால்கிரென் வெளியிட்ட 25 ஆண்டு ஆய்வு, பல் இல்லாத தாடை எலும்பு வருடக்கணக்கில் கரைந்துகொண்டே இருப்பதைக் காட்டியது. மேல்தாடையைவிடக் கீழ்த்தாடையில் சுமார் நான்கு மடங்கு. அதனால்தான் கீழ் செட்டு முதலில் ஆடும்.

இதற்கும் விடை வந்தது. ஸ்வீடனின் பிரோனெமார்க், டைட்டானியம் எலும்போடு ஒன்றிவிடுவதைக் கவனித்து, 1965-இல் முதல் மனிதருக்கு அந்தத் திருகுகளைப் பொருத்தினார். 2002-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு இரண்டு இம்ப்ளான்ட் மேல் மாட்டும் செட்டுதான் முதல் தேர்வாக இருக்கணும் என்றார்கள். அருமையான தீர்வு. ஆனால் அதே பழைய மதில், விலை.

ஆகவே சாதாரண செட்டு வைத்திருப்பவர்கள் அதையாவது ஒழுங்காகப் பார்த்துக்கணும்.

இரவில் கழற்றி, சுத்தம் செய்து, தண்ணீரில் போட்டு வையுங்க. இல்லையென்றால் அண்ணத்தில் பூஞ்சைத் தொற்று வரும். வெந்நீர் வேண்டாம், அக்ரிலிக் வளைந்துவிடும். ஆடும் செட்டை வீட்டிலேயே ராவித் தேய்க்காதீங்க. அடித்தட்டைச் சரிசெய்து தருவார்கள், பல் மருத்துவரிடம் காட்டுங்க. செட்டு உரசி வந்த புண் இரண்டு வாரத்தில் ஆறவில்லை என்றால் உடனே காட்டணும். புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்வது முக்கியம்.

கையில் காசில்லை என்று ஒதுங்கிவிடாதீங்க. அரசு பல் மருத்துவக் கல்லூரிகளில் செயற்கைப் பல் கட்டுவதற்கென்றே தனித் துறை இருக்கிறது. போய் விசாரியுங்க.

வீட்டுப் பெரியவர் "எனக்குக் கஞ்சியே போதும்பா"ன்னு சொன்னா, வயசாச்சு, பசி இல்லைன்னு நினைச்சு விட்டுடாதீங்க. ஒரு தடவை வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்க.