திரும்பி வரலாம் என்று ஒரு சீட்டு

விழா மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழு நண்பர் போனில் கேட்டார். "ஹாஸ்டல் மெஸ், கல்ச்சுரல்ஸ், கட் அடித்த கதை எல்லாம் மற்றவர்கள் எழுதிவிடுவார்கள். நீயாவது உருப்படியாக ஏதாவது எழுது" என்றார். மெக்கானிக்கல் படித்துவிட்டு சாஃப்ட்வேரில் பிழைப்பவனிடம் உருப்படியான விஷயம் என்ன இருக்கப் போகிறது? யோசித்துப் பார்த்தேன். நம் செட்டில் அமெரிக்காவில் இருப்பவர்கள் 11 பேர். அவர்களில் 8 பேர் இந்தச் சந்திப்புக்கு வரவில்லை. காசுக்கும் லீவுக்கும் ஒன்றும் குறைச்சல் இல்லை. "வந்தால் திரும்பிப் போக முடியுமா?" என்ற ஒரே பயம்தான். இந்தப் பயத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. அதைச் சொல்லும் முன் என் சொந்தக் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

2025 செப்டம்பரில் திருச்சி வந்திருந்தேன். 21-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை மகாளய அமாவாசை. அப்பாவுக்குத் தர்ப்பணம் செய்ய வேண்டும். 20-ஆம் தேதி காலை 6 மணிக்குப் போனைத் திறந்தால் நூற்றுக்கு மேல் மெஸேஜ். எச்-1பி விசாவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அமெரிக்க ஜனாதிபதி முந்தின நாள் பிரகடனத்தில் கையெழுத்திட்டிருந்தார். அங்கே ஞாயிறு நள்ளிரவு 12 மணி 1 நிமிடத்திலிருந்து அமல். நமக்கு அது காலை 9.31. "வெளியே இருப்பவர்கள் கெடுவுக்குள் வந்து சேருங்கள்" என்று ஆபீஸ் மெயில் சொன்னது.

இஞ்சினியர் புத்தி, காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். கையில் இருப்பது 27 மணி நேரம். சென்னைக்குப் போக ஐந்தரை மணி, விமான நிலையத்தில் மூன்று மணி, அங்கிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குக் குறைந்தது 22 மணி. எப்படிக் கூட்டினாலும் 30-க்கு மேல் வருகிறது. மனைவியும் மகளும் கலிஃபோர்னியாவில், நான் காவேரிக்கரையில். அம்மா மட்டும் நிதானமாகச் சொன்னாள்: "நாளைக்கு அமாவாசைடா. அப்பாவுக்கு எள்ளும் தண்ணியும் விடாம எங்க ஓடப்போறே?"

அன்று ராத்திரி யாரும் தூங்கவில்லை. விடியற்காலையில் விளக்கம் வந்தது: கட்டணம் புது மனுக்களுக்கு மட்டும், ஏற்கெனவே விசா வைத்திருப்பவர்கள் போய் வரலாம். ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறையில் உட்கார்ந்து தர்ப்பணம் செய்தேன். 9.31 எப்போது கடந்தது என்றுகூடப் பார்க்கவில்லை. ஆனால் ஒரு கேள்வி மட்டும் மனதில் தங்கிவிட்டது. பாஸ்போர்ட்டில் ஒட்டிக் கொடுத்த விசா, ஒரே ராத்திரியில் செல்லாமல் போகக்கூடிய பொருள்தானா? திரும்பிப் போனபின் புத்தகங்களைத் தேடிப் படித்தேன். விடை 137 வருஷத்துக்கு முன்னாலேயே எழுதப்பட்டிருந்தது.

அமெரிக்காவின் குறுக்கே போட்ட முதல் ரயில் பாதையின் மேற்குப் பகுதியைப் போட்டது சென்ட்ரல் பசிபிக் கம்பெனி. சியரா நெவாடா மலையைக் குடைந்து அந்த வேலையை முடித்தவர்களில் பெரும்பாலோர் சீனத் தொழிலாளிகள், பத்தாயிரத்துக்கும் மேல். 1869 மே 10-ல் யூட்டா பிரதேசத்தில் பாதை இணைந்தது. அதற்கு முந்தின வருஷம், 1868-ல், சீனாவும் அமெரிக்காவும் செய்துகொண்ட பர்லிங்கேம் ஒப்பந்தம், இரு நாட்டு மக்களும் தாராளமாகப் போய் வரலாம் என்று ஏற்றுக்கொண்டது. வேலை இருந்தவரை உபசாரம். பாதை முடிந்து, வேலையும் குறைந்த காலத்தில் "இவர்கள் நம் கூலியைக் கெடுக்கிறார்கள்" என்ற கூச்சல் கிளம்பியது.

1880-ல் ஒப்பந்தத்தைத் திருத்தினார்கள். புதிதாக வரும் சீனத் தொழிலாளிகளைக் கட்டுப்படுத்தலாம்; ஏற்கெனவே அங்கே இருப்பவர்கள் ஊருக்குப் போய்த் திரும்புவதற்குத் தடை இல்லை என்பது ஏற்பாடு. 1882 மே மாதம் வந்த சீனர் விலக்குச் சட்டம் புதிய தொழிலாளிகளின் வருகையைப் பத்து வருஷத்துக்கு நிறுத்தியது. பழைய தொழிலாளி ஊருக்குப் போகும்போது துறைமுகச் சுங்க அதிகாரியிடம் ஒரு சான்றிதழ் வாங்கிக்கொண்டு போக வேண்டும். அதில் பெயர், வயது, தொழில், கடைசியாக இருந்த இடம், உடம்பில் உள்ள அடையாளங்கள் எல்லாம் எழுதியிருக்கும். அதைக் காட்டினால் திரும்ப உள்ளே விடுவார்கள். இன்று நாம் கம்ப்யூட்டரில் பக்கம் பக்கமாக நிரப்பும் விசா விண்ணப்பத்துக்கும், விரல் ரேகைக்கும் அதைப் பாட்டன் என்று சொல்லலாம்.

அந்தக் காலத்திலும் போய் வருவதற்குப் பல வழிகள் இருந்தன. வியாபாரி, மாணவர், ஆசிரியர், சுற்றுலா வந்தவர் இவர்களுக்குத் தடை கிடையாது. தங்கள் அரசாங்கத்தின் சான்று போதும். தொழிலாளிக்கு மட்டும்தான் இந்தச் சீட்டு. 1884-ல் சட்டத்தை மேலும் இறுக்கி, திரும்பும் உரிமைக்கு இந்தச் சீட்டைத் தவிர வேறு எதுவும் அத்தாட்சி ஆகாது என்றார்கள். சூ ஹியோங் என்பவர் 1881-லேயே ஹவாய்க்குப் போனவர். அப்போது சீட்டு என்பதே கிடையாது. 1884-ல் திரும்பி வந்தவரைத் தடுத்தபோது வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. இல்லாத சீட்டை எப்படிக் கொண்டுவருவார் என்று கோர்ட் அவரை உள்ளே விட்டது. அதை எதிர்த்துத் தீர்ப்பு எழுதியவர் நீதிபதி ஸ்டீபன் ஃபீல்டு. இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி வருபவர் நம் கதாநாயகர் சே சான் பிங். 1875 முதல் 12 வருஷம் சான் பிரான்சிஸ்கோவில் உழைத்தவர். 1887 ஜூன் 2-ல் முறைப்படி சீட்டு வாங்கிக்கொண்டு ஊருக்குக் கப்பல் ஏறினார். 1888 செப்டம்பர் 7-ல் ஹாங்காங்கில் 'பெல்ஜிக்' என்ற கப்பலில் திரும்ப ஏறினார். ஒரு மாதக் கடல் பயணம். அவர் நடுக்கடலில் இருந்தபோது, அக்டோபர் 1-ல், ஜனாதிபதி க்ரோவர் க்ளீவ்லாண்ட் ஸ்காட் சட்டத்தில் கையெழுத்திட்டார். அது தேர்தல் வருஷம். வெளியே போன சீனத் தொழிலாளி எவரும் இனித் திரும்பக் கூடாது. கொடுத்த சீட்டுகள் அத்தனையும் ரத்து. அப்படிச் செல்லாமல் போனவை ஏறத்தாழ 20,000. சட்டம் வந்தபோது கப்பலில் வந்துகொண்டிருந்தவர்கள் மட்டும் சுமார் 600 பேர் என்று எழுதியிருக்கிறார்கள்.

அக்டோபர் 8-ல் சே சான் பிங் துறைமுகத்தில் சீட்டை நீட்டினார். சீட்டில் ஒரு குறையும் இல்லை. ஏழு நாள் பிந்திவிட்டார், அவ்வளவுதான். கரையில் இறங்க விடாமல் கப்பலிலேயே நிறுத்தி வைத்தார்கள். நண்பர்களே, இதைப் படித்தபோது எனக்கு அந்த மெயில்தான் ஞாபகம் வந்தது. அவருக்குப் பாவம், கணக்குப் போட்டுப் பார்க்கக்கூட வழியில்லை. நடுக்கடலில் யார் செய்தி சொல்வார்கள்?

வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. 1889 மே 13-ல் ஒருமனதாகத் தீர்ப்பு. எழுதியவர் அதே ஃபீல்டு. சாரம் இதுதான்: அந்நியரை உள்ளே விடுவதும் விடாமலிருப்பதும் ஒரு நாட்டின் இறையாண்மையைச் சேர்ந்தது. ஒப்பந்தம் ஒன்று சொன்னாலும், பின்னால் வந்த சட்டம் வேறு சொன்னால் சட்டமே செல்லும். திரும்பி வரலாம் என்ற அனுமதி அரசாங்கம் விரும்பும் வரைதான். எப்போது வேண்டுமானாலும் அதைத் திரும்பப் பெறலாம். சே சான் பிங் திருப்பி அனுப்பப்பட்டார். பன்னிரண்டு வருஷ உழைப்பு அந்தக் கரையிலேயே நின்றுவிட்டது.

1894-ல் புது ஒப்பந்தம் ஒன்று வந்தது. அங்கே மனைவி, பிள்ளை, பெற்றோர் இருந்தாலோ, ஆயிரம் டாலர் சொத்து அல்லது வரவேண்டிய கடன் இருந்தாலோ தொழிலாளி போய்த் திரும்பலாம். அதுவும் ஒரு வருஷத்துக்குள். சொத்து உள்ளவனுக்கு ஒரு வழி, வெறுங்கையனுக்கு ஒரு வழி என்பது அன்றே ஆரம்பித்துவிட்டது. விலக்குச் சட்டங்கள் ஒழிந்தது 1943-ல். அப்போதும் சீனர்களுக்கு வருஷத்துக்கு 105 இடம்தான். நம்மவர்கள் 1917 சட்டத்தில் மொத்தமாகத் தடுக்கப்பட்டு, 1946-ல் வருஷத்துக்கு 100 பேர் என்று கதவு கொஞ்சம் திறந்தது. நம் சீனியர்கள் கூட்டம் கூட்டமாகப் போனதெல்லாம் 1965 சட்டத்துக்குப் பிறகுதான்.

என்னை அதிகம் உலுக்கியது வேறொரு வழக்கு. இக்னாட்ஸ் மெசெய் 1923-ல் அமெரிக்கா வந்தவர். 25 வருஷம் பஃபலோ நகரில் வாழ்ந்தார். 1948-ல் ருமேனியாவில் சாகக் கிடந்த தாயைப் பார்க்கக் கிளம்பினார். ருமேனியா உள்ளே விடவில்லை. ஹங்கேரியில் 19 மாதம் சிக்கிக்கொண்டார். 1950-ல் திரும்பியபோது, பாதுகாப்புக் காரணம் என்று சொல்லி, என்ன காரணம் என்று சொல்லாமலே எல்லிஸ் தீவில் அடைத்தார்கள். வேறெந்த நாடும் ஏற்கவில்லை. 1953-ல் சுப்ரீம் கோர்ட் 5-க்கு 4 என்று அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. மறுவருஷம்தான் கருணை அடிப்படையில் வெளியே வந்தார்.

தாயைப் பார்க்கப் போனவர் கதை என்னை ஏன் உலுக்கியது என்று சொல்லிவிடுகிறேன். 2023-ல் அப்பா படுக்கையில் இருந்தபோது என் ஸ்டாம்பிங் காலாவதியாகியிருந்தது. போனால் தேதி கிடைக்குமா, வேலை என்ன ஆகும் என்று மூன்று வாரம் தள்ளிப்போட்டேன். கடைசியில் வந்து சேர்ந்தபோது ஐஸ் பெட்டியைத்தான் பார்த்தேன். என்னை யாரும் தடுக்கவில்லை. பயந்தது நான்தான்.

இப்போது ஜூனியர்களுக்காகச் சில வார்த்தைகள். திரும்பத் திரும்ப அமெரிக்கா போய் வருவதற்கு இன்று மூன்று வழிகள் முக்கியம். ஒன்று, பி-1/பி-2 விசா. நம்மவர்களுக்குப் பொதுவாகப் பத்து வருஷத்துக்குத் தருகிறார்கள். எத்தனை முறையும் போகலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் எத்தனை நாள் தங்கலாம் என்பதை வாசலில் இருக்கும் அதிகாரி தீர்மானிக்கிறார். வழக்கமாக ஆறு மாதத்துக்குள். வேலை பார்க்கக் கூடாது. நம் அம்மா அப்பாக்கள் கையில் இருப்பது இதுதான். இரண்டாவது, 1990 சட்டத்தில் பிறந்த எச்-1பி. அங்கே இருக்கும் அனுமதி வேறு, பாஸ்போர்ட்டில் உள்ள ஸ்டாம்பிங் வேறு. அனுமதி நீண்டாலும், ஸ்டாம்பிங் முடிந்துபோனால் ஊருக்கு வந்தவர் புதுப்பிக்காமல் திரும்ப முடியாது. (கனடா, மெக்சிகோவுக்கு 30 நாளுக்குள் போய்த் திரும்புபவர்களுக்குப் பெரும்பாலும் விலக்கு உண்டு.) 2004 ஜூலை வரை அமெரிக்காவில் இருந்தபடியே தபாலில் ஸ்டாம்பிங்கைப் புதுப்பித்துக்கொள்ளும் வசதி இருந்தது. பிறகு 2024-ல் 20,000 பேர் வரை சோதனை முறையில் அனுமதித்தார்கள். மூன்றாவது கிரீன் கார்டு. ஒரு வருஷம் அல்லது அதற்கு மேல் வெளியே இருக்க நேர்ந்தால், கிளம்பும் முன்பே மறுநுழைவு அனுமதிக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். சிறு பயணம் போய்த் திரும்பும் கிரீன் கார்டுக்காரருக்கு முறையான விசாரணை இல்லாமல் கதவைச் சாத்தக் கூடாது என்று 1982-ல் கோர்ட் ஏற்றுக்கொண்டது. மெசெய்க்குக் கிடைக்காத அந்த நியாயம் அவருக்குப் பின்னால் வந்தவர்களுக்குக் கிடைத்தது.

ஆக, மூன்று சீட்டுக்கும் பலம் வேறு வேறு. ஆனால் விசா என்பது வாசல் வரை வந்து கதவைத் தட்டும் அனுமதி என்பதை மட்டும் மறக்க வேண்டாம். விலக்குச் சட்டங்களுக்காக அமெரிக்க செனட் 2011-லும் பிரதிநிதிகள் சபை 2012-லும் வருத்தம் தெரிவித்துத் தீர்மானம் போட்டன. 1889 தீர்ப்பை மட்டும் யாரும் ரத்து செய்யவில்லை. நம் எல்லோருடைய பாஸ்போர்ட்டுக்கும் அடியில் அது இருக்கிறது.

சென்ற குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளை அழைத்துக்கொண்டு படகில் ஏஞ்சல் தீவுக்குப் போனேன். 1910 முதல் 1940 வரை ஆசியாவிலிருந்து வந்தவர்களை நிறுத்தி வைத்து விசாரித்த இடம் அது. காத்திருந்த சீனர்கள் மரச் சுவரில் செதுக்கிய கவிதைகள் இன்றும் இருக்கின்றன. மகள் தடவிப் பார்த்துவிட்டு, "இவங்க ஏன் சுவத்துல எழுதினாங்க?" என்று கேட்டாள். "பேச யாரும் இல்லம்மா" என்றேன். சே சான் பிங்கின் கப்பல் நின்றதும் அதே வளைகுடாவில்தான். தினமும் ஆபீஸ் போகும்போது நான் பார்க்கும் தண்ணீர்.

நண்பர்களே, வராத அந்த 8 பேரில் நானும் ஒருவன். ஸ்டாம்பிங் மறுபடியும் முடிந்துவிட்டது, தேதி கிடைக்கவில்லை. ஆனால் ஒரு தடவை பட்டது போதும். அம்மாவுக்கு உடம்புக்கு ஒன்று என்றால் சீட்டைப் பார்க்காமல் கிளம்பி வருவது என்று மனைவியும் நானும் பேசி முடித்துவிட்டோம். மற்ற ஏழு பேருக்கும் இதையே சொல்லியிருக்கிறேன். விழாவில் எங்கள் நாற்காலிகள் காலியாக இருந்தால் கோபிக்க வேண்டாம். மெஸ் சாம்பாரை எங்கள் பங்குக்கும் சேர்த்துச் சாப்பிடுங்கள். அடுத்த சந்திப்பில் நேரில் பார்ப்போம்.