கட்டுச்சோறும் கூஜாவும்

நெடுந்தூரப் பிரயாணத்துக்கு வேண்டிய சௌகரியத்தை ரயில்வேக்காரரிடம் உரிமையோடு கேட்டுப் பெறலாம் என்னும் எண்ணம் நம் ஜனங்களிடையே தோன்றி வெகுகாலம் ஆகிவிடவில்லை. அதற்கு முன் உணவு, தண்ணீர், படுக்கை ஆகிய மூன்றையும் பிரயாணி தன் வீட்டிலேயே சித்தம் செய்து, மூட்டையாகவும் பெட்டியாகவும் கட்டி, கூலியாள் தலையில் ஏற்றிக்கொண்டுதான் ஸ்டேஷனுக்குப் புறப்பட வேண்டியிருந்தது. அந்த மூட்டை எவ்வாறு பெருத்தது, பிறகு எவ்வாறு சிறுத்தது என்று பார்ப்பது, நம் நாட்டுச் சமூக வாழ்வின் ஒரு பகுதியையே பார்ப்பதாகும்.

ரயில் வருவதற்கு முன் வசதி படைத்தவர்கள் செய்துகொண்ட ஏற்பாடு எத்தகையது என்பதற்கு ஏனுகுல வீராஸ்வாமியின் காசி யாத்திரையே தக்க சான்று. சென்னை சுப்ரீம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்த அவர், 1830-ஆம் ஆண்டு மே மாதத்தில், உறவினரும் பணியாட்களும் பல்லக்குச் சுமப்போருமாக ஏறக்குறைய நூறு பேருடன் புறப்பட்டு, ஹைதராபாத், நாகபுரி வழியாகக் காசியை அடைந்து, கயை, கல்கத்தா, ஜகந்நாதம் ஆகிய ஸ்தலங்களையும் தரிசித்து, 1831 செப்டம்பரில் சென்னை திரும்பினார். தெலுங்கில் அவர் எழுதிவைத்த தினசரி பின்னர் நூலாக வெளிவந்தது. பதினைந்து மாதங்களுக்கு மேல் நீடித்த அந்த யாத்திரையில் அவர் அனுபவித்த சௌகரியம் அனைத்தும் அவரோடு நடந்து வந்த சௌகரியம். பிறர் உழைப்பால் கிடைத்த சௌகரியம்.

நூறு பேரை அழைத்துச் செல்ல வகையற்ற சாமானியர்கள் கட்டுச்சோற்றையும் சத்திரத்தையும் நம்பி நடந்தார்கள். மதுரையில் ராணி மங்கம்மாள் பெயரால் விளங்கும் சத்திரமும், தஞ்சை சரபோஜி மன்னர் 1802-இல் ஒரத்தநாட்டில் ஏற்படுத்திய முத்தாம்பாள் சத்திரமும், யாத்திரிகனுக்குச் சோறும் நிழலும் அளிப்பது ராஜ தர்மம் என்று கருதப்பட்ட காலத்தின் சின்னங்கள். சோறு தீருமுன் அடுத்த சத்திரம் எதிர்ப்பட்டுவிட்டால் பிரயாணம் சுகம், எதிர்ப்படாவிட்டால் பட்டினி. சாமானியனின் முன்னேற்பாடு இந்த ஒரு கணக்கில் அடங்கியிருந்தது.

1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதியன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரையில் ரயில் ஓடத் தொடங்கியபோது, இந்தக் கணக்கு தலைகீழாயிற்று. நாட்கணக்கில் நடந்த தூரம் மணிக்கணக்கில் முடிந்தது. ஆயினும் கம்பெனிக்காரர்கள் விற்றது வேகத்தை மட்டுமே. மூன்றாம் வகுப்புப் பிரயாணிக்குக் கிடைத்தது உட்காருவதற்கு ஒரு மரப்பலகை. நெடுங்காலம் வரையில் அந்த வண்டிகளில் கழிப்பறைகூடக் கிடையாது. வண்டி நிற்கும் ஸ்டேஷன்களில் இறங்கி ஓடி, மணி அடிப்பதற்குள் திரும்பி ஏறவேண்டும். தர்மம் செய்த சத்திரமோ சாலையோரத்தில் நின்றுவிட்டது. ரயில் அதைக் கடந்து போய்விட்டது. ஆகவே முழுப் பொறுப்பும் வீட்டின்மீது, அதாவது வீட்டுப் பெண்களின்மீது, வந்து விழுந்தது.

அவர்கள் அதைச் சாஸ்திரம் போலவே வளர்த்தார்கள். முதல் வேளைக்கு இட்லி: ஆறவைத்து, இருபுறமும் மிளகாய்ப் பொடியும் நல்லெண்ணெயும் தடவி, ஒன்றோடொன்று ஒட்டாதபடி வாழையிலையில் அடுக்கிக் கட்டுவார்கள். அடுத்த வேளைக்குத் தயிர்சாதம். சாதத்தைக் குழைய வடித்து மசித்து, தயிருக்குப் பதிலாகக் காய்ச்சின பாலை நிறைய ஊற்றி, பேருக்கு ஒரு கரண்டி தயிர் மட்டும் விட்டுப் பிசைந்தால், வண்டியிலேயே அது உறைந்து, மறுநாள் உச்சிப்பொழுதில் பக்குவமாயிருக்கும். தயிரையே ஊற்றிப் பிசைந்துவிட்டாலோ, விடிவதற்குள் புளித்துப்போகும். இரண்டாம் நாளைக்கும் அதற்கு அப்பாலும் புளியோதரை. புளியும் எண்ணெயும் அதைக் கெடாமல் காக்கும். இத்தனைக்கும் துணையாக முறுக்கும் தட்டையும் ஒரு டின்னில் வரும்.

தண்ணீருக்குக் கூஜா. உட்புறம் ஈயம் பூசிய பித்தளைப் பாத்திரம். வண்டியின் ஆட்டத்தில் சிந்தாதபடி திருகுமூடி. தூக்கிச் செல்லக் கைப்பிடி. படுக்கைக்குப் பவானி ஜமக்காளம். சற்று வசதியுள்ளவர்களுக்கு ஹோல்டால். கித்தான் துணியாலான அந்த ஹோல்டாலுக்குள் மெத்தை, தலையணை, போர்வை, மாற்றுடை, செருப்பு முதலிய யாவும் அடங்க, சுருட்டித் தோல்வாரால் இறுக்கிவிடுவார்கள். எஞ்சினின் கரித்தூள் ஜன்னல் வழியே வந்து படியுமாதலால், வெள்ளைவேட்டியைப் பெட்டியில் பத்திரப்படுத்திவிட்டு, அழுக்கு தெரியாத பழைய துணியை உடுத்திக்கொள்வதும் முன்னேற்பாட்டில் ஒன்று.

கட்டுச்சோற்றுக்கு ஆசாரமும் ஒரு காரணம் என்பதை மறைப்பதற்கில்லை. யார் சமைத்தது, யார் தொட்டது என்று தெரியாத சோற்றை உண்ணலாகாது என்றிருந்தவர்களுக்குக் கூஜாவும் அடுக்குப் பாத்திரமும் ஜாதியைக் காக்கும் கவசங்களாயின. ரயில்வே நிர்வாகமும் அதற்கு இசைந்து, ஸ்டேஷன் உணவுச்சாலைகளில் பிராமணர்களுக்கு ஒரு புறமும் மற்றவர்களுக்கு ஒரு புறமும் ஒதுக்கி வைத்தது. ஒரே கட்டணம் செலுத்தி ஒரே வண்டியில் வந்தவர்கள், பசி வந்தவுடன் இரு கூறாகப் பிரிய நேர்ந்த இந்த விபரீதத்தை எதிர்த்துப் பெரியாரும் அவருடைய இயக்கத்தாரும் இடைவிடாமல் போராடியதன் பயனாக, 1941-இல் அந்தப் பிரிவினை நீங்கிற்று.

பணமும் பிரிவினை செய்தது. 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பின், எழும்பூரிலிருந்து புறப்படும் போட் மெயிலில் தனுஷ்கோடி சென்று, கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கி, மீண்டும் ரயிலேறிக் கொழும்பு போய்ச் சேரலாம் என்னும் வசதி உண்டாயிற்று. மேல் வகுப்பினருக்கு அது உல்லாசப் பிரயாணம். தேயிலைத் தோட்டத்துக்குப் போன கூலி ஜனங்களுக்கோ, மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டு, நோய்ப் பரிசோதனைக்கு உட்பட்டபின் கிடைத்த அனுமதி.

1917-இல் காந்தியடிகள் பம்பாயிலிருந்து சென்னைக்கு மூன்றாம் வகுப்பில் வந்து, அந்த அனுபவத்தை ஒரு கட்டுரையாக எழுதினார். கட்டணம் 13 ரூபாய் 9 அணா, இருபத்திரண்டு பேருக்கென்று குறிக்கப்பட்ட பெட்டி, இரண்டு இரவுகள், படுக்க இடமில்லை, ராய்ச்சூருக்குப் பின் நெருக்கடி பொறுக்க முடியாததாயிற்று. முதல் வகுப்புக்காரர் கொடுப்பது ஐந்து மடங்குக்கு மேல் என்றால், மூன்றாம் வகுப்புக்காரருக்கு அந்தச் சௌகரியத்தில் ஐந்தில் ஒரு பங்காவது கிடைக்கிறதா என்பது அவர் எழுப்பிய வினா. கூஜாவாலும் கட்டுச்சோற்றாலும் தீராத குறை இது என்பதை அவர் கண்டுகொண்டார். 1929-இல் பெஷாவரையும் மங்களூரையும் இணைத்து நான்கு நாட்களுக்கு மேல் ஓடிய கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் போன்ற வண்டிகளின் காலத்தில், எந்த வீட்டுச் சமையலும் அத்தனை நாள் தாங்காது என்பதும் வெளிப்படையாயிற்று.

சுதந்திரத்துக்குப் பின் அந்த வினாவுக்குச் சிறிது சிறிதாக விடை கிடைக்கலாயிற்று. சாமானியருக்கும் தூங்கும் பெட்டிகள் வந்தன. 1974-இல் மூன்றாம் வகுப்பு என்னும் பெயர் ஒழிந்தது. பலகை மட்டும் ஒழியவில்லை. 1977-இல் ரயில்வே அமைச்சரான மது தண்டவதேயின் காலத்தில்தான், இரண்டாம் வகுப்பின் மரப்பலகைமீது இரண்டு அங்குல நுரை மெத்தை ஏறத் தொடங்கிற்று. ஹோல்டாலின் ஆயுள் அத்துடன் குறைந்தது. தண்ணீர் பாட்டில் கூஜாவை அகற்றிற்று. குளிர்சாதனப் பெட்டியில் கம்பளியும் விரிப்பும் இருக்கை தேடி வருகின்றன.

பழைய மூட்டையில் இருந்த அன்பையும் நுட்பத்தையும் நினைந்து வருந்துவோர் உண்டு. அந்த நுட்பம் போற்றத்தக்கதே. ஆனால் அது பிறந்தது, கொடுக்கவேண்டியவர்கள் கொடாமல் விட்ட குறையிலிருந்து. பிரயாணியின் சுமை எவ்வளவு இறங்கிற்றோ அவ்வளவுக்குப் பொது நிர்வாகம் தன் கடமையை ஏற்றுக்கொண்டது என்று கொள்ளவேண்டும். அந்த அளவுகோலால் பார்த்தால், எஞ்சின்களை அடுத்தும் வண்டிக் கடைசியிலும் கோக்கப்படும் முன்பதிவில்லாப் பெட்டிகளில் 1917 இன்னும் முடிந்தபாடில்லை. அங்கே ரிசர்வேஷன் என்பது இன்றைக்கும் ஜன்னல் வழியாகப் போடப்படும் துண்டுதான்.