ஏழு கல் மோதிரம்

1911 ஜூலை. இங்கிலாந்தின் ஆஷ்ஃபோர்டில் ஒரு மோதிரம் ஏலத்துக்கு வந்தது. ஏழு வைரக் கற்கள் பதித்த மோதிரம். பாக்கி என்னவோ ஆறு ஷில்லிங்தான். அதற்காக ஜப்தி செய்திருந்தார்கள். பத்து பவுண்டுக்கு ஏலம் எடுத்தவர், கையோடு அதை உரியவரிடமே கொடுத்துவிட்டார்.

உரியவர், சோஃபியா துலீப் சிங். பஞ்சாபை ஆண்ட மகாராஜா ரஞ்சித் சிங்கின் பேத்தி. விக்டோரியா மகாராணியின் ஞானமகள். ஆறு ஷில்லிங் இல்லாமலா? கட்ட மாட்டேன் என்றார். எனக்கு ஓட்டு இல்லாத நாட்டில் என்னிடம் எப்படி வரி கேட்கலாம் என்பது அவர் கட்சி.

அந்தக் குடும்பத்தின் கையிலிருந்து வைரம் பறிபோனது அது முதல் தடவை அல்ல. 1849 மார்ச் 29 அன்று லாகூரில், பத்து வயதுப் பையன் ஒருவன் கம்பெனிக்காரர்கள் நீட்டிய உடன்படிக்கையில் ஒப்பமிட்டான். நாடு போயிற்று. மூன்றாவது ஷரத்தின்படி கோஹினூரும் போயிற்று. அந்தப் பையன்தான் துலீப் சிங், சோஃபியாவின் தந்தை. போடாதே என்று கையைப் பிடித்துத் தடுக்கப் பக்கத்தில் தாய் இல்லை. மகன் சார்பில் அரசாண்ட ராணி ஜிந்த் கௌரை முன்கூட்டியே பிரித்துக் கொண்டுபோய்ச் சிறைவைத்திருந்தார்கள். அடுத்த மாதமே அவர் சுனார் கோட்டையிலிருந்து வேலைக்காரி வேடத்தில் தப்பி நேபாளம் போய்ச் சேர்ந்தார். மகன் முகத்தை மறுபடி பார்த்தது 1861இல்தான், கல்கத்தாவில். இந்தப் பாட்டியை நினைக்காமல் பேத்தியின் பிடிவாதத்தை என்னால் வாசிக்க முடிவதில்லை.

துலீப் சிங் கிறிஸ்தவராகி, சஃபோக்கில் நிலம் வாங்கி, கடனில் மூழ்கி, 1886இல் இந்தியாவுக்கே திரும்பப் புறப்பட்டார். ஏடனோடு மறித்துவிட்டார்கள். 1893இல் பாரிஸில் கண்ணை மூடினார்.

1876இல் பிறந்த சோஃபியாவுக்கு மகாராணி ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையை ஒட்டி வாடகையில்லாமல் ஒரு வீடு கொடுத்திருந்தார். நாய்கள், சைக்கிள், நாகரிக உடை என்று வாழ்க்கை சுகமாகத்தான் போனது. 1907இல் லாகூருக்குப் போய் லாலா லஜபதி ராயைச் சந்தித்துத் திரும்பியவர் வேறு பெண். 1909இல், பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுப் போராடிய எம்மலின் பேங்க்ஹர்ஸ்ட்டின் சங்கத்தில் சேர்ந்தார்.

1910 நவம்பர் 18. பெண்களில் ஒரு பகுதியினருக்காவது ஓட்டுக் கொடுக்க வழி செய்திருந்த மசோதாவைப் பிரதமர் ஆஸ்குவித் கிடப்பில் போட, சுமார் முந்நூறு பெண்கள் நாடாளுமன்றம் நோக்கி நடந்தார்கள். முன்வரிசையில் எம்மலினோடு சோஃபியாவும் இருந்தார். எழுபது தாண்டிய டாக்டர் எலிசபெத் காரட் ஆண்டர்சனும் இருந்தார். ஆறு மணி நேரம் போலீசார் அடித்தார்கள், தூக்கி எறிந்தார்கள், சொல்லக் கூசுகிற விதங்களில் கைவைத்தார்கள். ஒரு காவலர் ஒரு பெண்ணைத் தூக்கித் தூக்கித் தரையில் போடுவதைக் கண்ட சோஃபியா கூட்டத்தைப் பிளந்துகொண்டு இடையில் புகுந்தார். காவலர் நழுவினார். விடாமல் பின்னாலேயே போய்ச் சட்டையில் இருந்த எண்ணைப் படித்துக்கொண்டார்: வி 700. அதைக் குறிப்பிட்டுப் புகார் எழுதினார். உள்துறை அமைச்சர் சர்ச்சில். இனி இவருக்குப் பதில் எழுத வேண்டாம் என்று கோப்பை மூடினார்கள். அந்த நாளுக்குக் கறுப்பு வெள்ளி என்றே பெயர் நிலைத்துவிட்டது.

எத்தனையோ பெண்கள் சிறையில் பட்டினி கிடந்தார்கள். மூக்கில் குழாய் செருகி அவர்களுக்கு உணவு புகட்டினார்கள். சோஃபியாவை மட்டும் சிறைக்கு அனுப்ப அரசு தயங்கியது. அந்தத் தயக்கத்தையே அவர் ஆயுதமாக்கிக்கொண்டார். 1913இல் அரண்மனை வாசலிலேயே, தோளில் பையும் பக்கத்தில் செய்திப் பலகையுமாக நின்று 'சஃப்ரஜெட்' பத்திரிகை விற்றார். அதே ஆண்டு டிசம்பரில் உரிமம் இல்லாமல் இரண்டு நாயும் ஒரு வண்டியும் ஒரு பணியாளும் வைத்திருந்ததாக வழக்கு. பெண்களுக்கு ஓட்டுரிமை வந்து, அரசு என்னைக் குடிமகளாக ஏற்கும்போது கட்டுகிறேன் என்று நீதிமன்றத்தில் சொன்னார். அபராதம் பன்னிரண்டரைப் பவுண்டு, அதையும் கட்டவில்லை. இந்த முறை 131 முத்துகள் கோத்த மாலையும் ஒரு தங்க வளையலும் ஏலத்துக்குப் போயின. வரி மறுக்கும் பெண்கள் சங்கத் தோழிகளே எடுத்துத் திருப்பித் தந்தார்கள்.

1918இல் சொத்துத் தகுதியுள்ள, முப்பது வயது கடந்த பெண்களுக்கு ஓட்டு வந்தது. ஆண்களைப் போலவே 21 வயதில் என்பது 1928இல். தாத்தா ஆண்ட பஞ்சாபில் பெண்களுக்கு ஓட்டு 1926இல் வந்தது. நம் சென்னை மாகாணம் ஐந்து வருடம் முந்திக்கொண்டது. இரண்டு இடத்திலும் சொத்துள்ளவர்களுக்கு மட்டும்தான்.

சோஃபியா 1948இல் மறைந்தார். அவர் விருப்பப்படி சீக்கிய முறையில் தகனம் நடந்தது. கடைசிக் காலத்தில் அவர் வீட்டைப் பார்த்துக்கொண்ட பெண்மணியின் மகள் ஒரு சிறுமி, சோஃபியாவுக்கு ஞானமகள். அந்தக் குழந்தையிடம் அவர் ஒரு சத்தியம் வாங்கிக்கொள்வாராம். பெரியவளானதும் ஒரு தேர்தலில்கூட ஓட்டுப் போடாமல் இருக்கக் கூடாது, நாங்கள் எவ்வளவு தூரம் வந்தோம் என்று உனக்குத் தெரியாது, என்று.