மதர்போர்டு மாத்தியாச்சு, விண்டோஸ் திறக்கலையா? ஃபார்மட் பண்றதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

இடி, மின்னல், வோல்டேஜ் ஏற்ற இறக்கம் என ஏதோ ஒன்றில் கம்ப்யூட்டரின் மதர்போர்டு போய்விடுகிறது. கொடைரோடு, நிலக்கோட்டை பக்கம் ஜெராக்ஸ் கடை, போட்டோ ஸ்டூடியோ, பூ கமிஷன் கடை எதுவாக இருந்தாலும், பெரும்பாலும் சிபியூவைத் தூக்கிக்கொண்டு திண்டுக்கல்லுக்கோ மதுரைக்கோ போக வேண்டியதுதான். புது போர்டு போட்டுக் கொண்டுவந்து ஆன் செய்தால் விண்டோஸ் வராது. "ஃபார்மட் பண்ணாத்தான் சரியாகும்" என்று யாராவது சொல்வார்கள்.

பல நேரங்களில் ஃபார்மட் தேவையே இல்லை. ஏன் என்று பார்ப்போம்.

டேட்டா எங்கே இருக்கிறது?

கல்யாண ஆல்பம், கடைக் கணக்கு, ஸ்கேன் செய்த ஆவணம் எல்லாம் ஹார்டு டிஸ்க் அல்லது எஸ்எஸ்டியில் இருக்கின்றன, மதர்போர்டில் இல்லை. டிஸ்க் அடிபடாமல் இருந்தால் டேட்டாவும் அப்படியே இருக்கும். சில மெல்லிய லேப்டாப்களில் மட்டும் ஸ்டோரேஜ் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும். அங்கே போர்டை மாற்றினால் டேட்டாவும் சேர்ந்து போய்விடும். கொடுக்கும்போதே இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஃபேன் சுத்துது, ஸ்கிரீன் வரலை. என்ன செய்வது?

முதலில் மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு இவற்றைப் பாருங்கள்:

- ரேமைக் கழற்றி, 'க்ளிக்' சத்தம் வரும்வரை அழுத்திப் போடுங்கள். முதலில் ஒரு ரேம் மட்டும் போட்டுப் பாருங்கள்.
- போர்டுக்கு 24 பின் கேபிள் மட்டும் போதாது. பிராசஸர் பக்கத்தில் 4 அல்லது 8 பின் கேபிள் தனியாக இருக்கும். அதை மாட்ட மறப்பது ரொம்ப சகஜம்.
- தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் மானிட்டர் கேபிளை அதில்தான் மாட்ட வேண்டும், போர்டில் அல்ல.
- டிடிஆர்5 ரேம் உள்ள புது போர்டுகள் முதல் முறை ஆன் ஆகும்போது ரேமைச் சோதிக்கச் சில நிமிடங்கள் எடுக்கும். அதுவரை ஸ்கிரீன் கறுப்பாகவே இருக்கும். அவசரப்பட்டு ஆஃப் செய்ய வேண்டாம்.

நேரா பயாஸுக்கே போகுதா?

டிஸ்க்கை பயாஸ் காட்டுகிறது, ஆனால் விண்டோஸ் வரவில்லை என்றால் செட்டிங்கைத்தான் சந்தேகப்பட வேண்டும். விண்டோஸ் எந்த முறையில் இன்ஸ்டால் ஆனதோ, அதே முறையில்தான் பூட் ஆகும். பழைய கம்ப்யூட்டர்களில் 'லெகசி' முறை. 2012-ல் விண்டோஸ் 8 வந்த பிறகு 'யூஇஎஃப்ஐ' முறை பரவலானது. பயாஸில் 'சிஎஸ்எம்' என்ற ஆப்ஷனை ஆன் அல்லது ஆஃப் செய்து பார்த்தால் பல சமயம் விண்டோஸ் வந்துவிடும். பல புது போர்டுகளில் லெகசி முறையே கிடையாது என்பதால், போர்டு வாங்கும் முன்பே இதை விசாரிப்பது நல்லது.

நீல ஸ்கிரீனில் 'இன்அக்செஸிபிள் பூட் டிவைஸ்' என்று வந்தால், டிஸ்க் கன்ட்ரோலர் செட்டிங் மாறியிருக்கலாம். 'ஏஹெச்சிஐ', 'ரெய்டு' அல்லது 'விஎம்டி' என அந்த இடத்தில் இருக்கும். பழைய போர்டில் எது இருந்ததோ அதையே வையுங்கள்.

விண்டோஸ் 10, 11 இரண்டும் புது போர்டைத் தானாகவே அடையாளம் கண்டு டிரைவர்களைப் போட்டுக்கொள்ளும். முதல் முறை கொஞ்சம் தாமதமாகும். விண்டோஸ் 7 இந்த விஷயத்தில் அவ்வளவாக ஒத்துழைக்காது.

48 இலக்க எண் கேட்குதே?

இங்குதான் கவனம் தேவை. 'பிட்லாக்கர் ரெகவரி' என்று நீல ஸ்கிரீன் வந்தால், டிஸ்க் பூட்டப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பூட்டின் சாவியைப் பாதுகாக்கும் 'டிபிஎம்' என்ற அமைப்பு பழைய போர்டோடு போய்விட்டது. அதனால் 48 இலக்க ரெகவரி கீயைக் கேட்கிறது.

"நான் பூட்டு எதுவும் போடலையே?" என்று தோன்றலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் லாகின் செய்து பயன்படுத்தும் பல கம்ப்யூட்டர்களில் விண்டோஸ் தானாகவே இதைப் போட்டுவிடும். 2024-ல் வந்த விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்புக்குப் பிறகு இது இன்னும் அதிகம்.

2024 ஜூலை 19-ல் கிரவுட்ஸ்ட்ரைக் அப்டேட் கோளாறால் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் முடங்கின. அதைச் சரிசெய்யும்போது பல நிறுவனங்கள் திணறியதற்கு இந்தக் கீயும் ஒரு காரணம்.

கீயை எங்கே தேடுவது?

- உங்கள் மொபைலில் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து, 'டிவைசஸ்' பகுதியில் ரெகவரி கீயைப் பாருங்கள். ஸ்கிரீனில் உள்ள கீ ஐடியின் முதல் 8 எழுத்துகள் ஒத்துப்போக வேண்டும்.
- முதன்முதலில் கம்ப்யூட்டரை செட்டப் செய்து கொடுத்தவரின் மெயில் ஐடியில்கூட இருக்கலாம். அவரிடம் கேளுங்கள்.
- ஆபீஸ், காலேஜ் கம்ப்யூட்டர் என்றால் அங்குள்ள ஐடி பிரிவிடம் இருக்கும்.
- பிரிண்ட் எடுத்த பேப்பர், பழைய பென்டிரைவ் ஆகியவற்றையும் பாருங்கள்.

கீ கிடைக்காவிட்டால் மைக்ரோசாஃப்டாலும் அதை உருவாக்கித் தர முடியாது. "காசு கொடுத்தா கீ எடுத்துத் தர்றோம்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கீயைத் தேடி முடிக்கும்வரை ஃபார்மட் செய்ய யாரையும் அனுமதிக்காதீர்கள். ஃபார்மட் செய்துவிட்டால் பிறகு கீ கிடைத்தும் பயன் இருக்காது.

விண்டோஸ் திறந்த பிறகு பின் நம்பர் வேலை செய்யாமல் போகலாம். அதுவும் டிபிஎம்மோடு சேர்ந்ததுதான். மைக்ரோசாஃப்ட் பாஸ்வேர்டைக் கொடுத்துப் புதுப் பின் வையுங்கள். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கீ கேட்டால், பிட்லாக்கரை 'சஸ்பெண்ட்' செய்து மறுபடி 'ரெஸ்யூம்' கொடுங்கள்.

'ஆக்டிவேட் விண்டோஸ்' என்று வருதா?

விண்டோஸ் லைசென்ஸ் மதர்போர்டோடு இணைந்திருப்பதால் இப்படி வரும். பயப்பட வேண்டாம், டேட்டாவுக்கு ஒன்றும் ஆகாது.

மாற்றுவதற்கு முன்பே லைசென்ஸை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்திருந்தால் வழி இருக்கிறது. செட்டிங்ஸ், சிஸ்டம், ஆக்டிவேஷன், ட்ரபிள்ஷூட் என வரிசையாகப் போய், ஹார்ட்வேரைச் சமீபத்தில் மாற்றினேன் என்ற ஆப்ஷனைத் தேர்வு செய்யுங்கள். தனியாக வாங்கிய ரீடெய்ல் லைசென்ஸை இப்படி மாற்றலாம். கம்ப்யூட்டரோடு சேர்ந்து வந்த ஓஇஎம் லைசென்ஸ் பொதுவாகப் பழைய போர்டுக்கு மட்டுமே. ஆனால் பழுதான போர்டை கம்பெனி சர்வீஸ் சென்டரில் அதற்கு இணையான போர்டாக மாற்றியிருந்தால், புது லைசென்ஸ் தேவையில்லை.

கடைசியா செக் பண்ண வேண்டியவை

- நெட் வரவில்லையா? மொபைலை யூஎஸ்பி கேபிளில் மாட்டி 'டெதரிங்' ஆன் செய்தால் போதும். பிறகு போர்டு கம்பெனியின் வெப்சைட்டில் இருந்து டிரைவர்களை டவுன்லோடு செய்யலாம்.
- தேதி, நேரம் தவறாக இருந்தால் பல வெப்சைட்கள் திறக்காது. ஆஃப் செய்து ஆன் செய்யும்போதெல்லாம் நேரம் மாறினால், போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரியை மாற்றுங்கள்.
- கணக்கு சாஃப்ட்வேர் லைசென்ஸை மறுபடி ஆக்டிவேட் செய்ய வேண்டி வரலாம். கைரேகைக் கருவி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வைத்திருப்பவர்கள் வேலை நாளுக்கு முன்பே சோதித்துவிடுங்கள்.

மதர்போர்டு எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. கம்ப்யூட்டர் நன்றாக ஓடும்போதே மூன்று வேலைகளை முடித்துவையுங்கள்: பிட்லாக்கர் கீயைப் பேப்பரில் எழுதிவைப்பது, மைக்ரோசாஃப்ட் பாஸ்வேர்டு நினைவில் இருக்கிறதா என்று பார்ப்பது, முக்கியமான ஃபைல்களை வேறொரு டிஸ்க்கில் காப்பி எடுப்பது. இவை இருந்தால், போர்டு போனாலும் செலவு போர்டோடு முடிந்துவிடும்.