ஹை லைன் (நியூயார்க்)

ஹை லைன் என்பது ஐக்கிய அமெரிக்காவின் நியூயார்க் நகரில், மன்ஹாட்டன் தீவின் மேற்குப் பகுதியில் அமைந்துள்ள ஒரு பொதுப் பூங்கா ஆகும். சரக்குத் தொடர்வண்டிகளுக்காக 1930களில் கட்டப்பட்டுப் பின்னர் கைவிடப்பட்ட உயர்மட்ட இருப்புப்பாதை ஒன்றின் மீது இது அமைக்கப்பட்டுள்ளது. தெருவிலிருந்து ஏறத்தாழ 30 அடி (9 மீட்டர்) உயரத்தில், கான்சவூர்ட் தெருவிலிருந்து 34ஆம் தெரு வரை 2.33 கி.மீ. நீளத்திற்கு இது செல்கிறது. மெதுவாக நடப்பவர் ஒரு மணி நேரத்தில் இதனைக் கடந்துவிடலாம். பூங்கா நகராட்சிக்குச் சொந்தமானது. பராமரிப்பையும் அதற்கான செலவின் பெரும்பகுதியையும் 'ஹை லைன் நண்பர்கள்' என்னும் இலாப நோக்கற்ற அமைப்பு ஏற்றுள்ளது. நுழைவுக் கட்டணம் இல்லை.

வரலாறு

மன்ஹாட்டனின் மேற்குக் கரையில் தெரு மட்டத்திலேயே தண்டவாளம் அமைக்க 1847இல் நகராட்சி அனுமதி அளித்தது. இறைச்சி, பால், மாவு முதலியவற்றை ஏற்றிய தொடர்வண்டிகள் மக்களும் குதிரை வண்டிகளும் செல்லும் அதே தெருவில் ஓடின. விபத்துகள் மிகுந்ததால் பத்தாம் நிழற்சாலைக்குச் 'சாவுச் சாலை' என்ற பெயரே ஏற்பட்டது. 1910 வரையில் 540க்கும் மேற்பட்டோர் இத்தடத்தில் உயிரிழந்ததாகக் கணக்கிடப்பட்டுள்ளது. தொடர்வண்டிக்கு முன்னால் குதிரையில் சென்று, பகலில் சிவப்புக் கொடியும் இரவில் சிவப்பு விளக்கும் காட்டி மக்களை விலக்குவதற்கென்றே ஆட்கள் அமர்த்தப்பட்டனர். இவர்கள் 'மேற்குப் பகுதிக் குதிரை வீரர்கள்' என அழைக்கப்பட்டனர். கடைசிக் குதிரை வீரர் பணி முடித்தது 1941இல் தான்.

தெருக்கடவைகளை நீக்கும் திட்டம் 1929இல் ஒப்புக்கொள்ளப்பட்டது. 105 கடவைகள் இதனால் நீக்கப்பட்டன. உயர்மட்டப் பாதையில் முதல் வண்டி 1933இல் ஓடியது. 1934இல் பாதை முறைப்படி திறந்து வைக்கப்பட்டது. 34ஆம் தெருவிலிருந்து தெற்கே ஸ்பிரிங் தெருவில் இருந்த சரக்கு முனையம் வரை அது சென்றது. பாதை சாலையின் மேலே செல்லாமல் கட்டடத் தொகுதிகளின் நடுவே, சில இடங்களில் கட்டடங்களின் உள்ளேயே சென்றது. சரக்கைத் தெருவுக்கு இறக்காமல் தொழிற்சாலையின் மேல்தளத்திலேயே ஏற்றி இறக்க முடிந்ததே இதன் பயன். சரக்கு நிரம்பிய இரண்டு முழுத் தொடர்வண்டிகளின் எடையைத் தாங்குமாறு எஃகுச் சட்டகம் வடிவமைக்கப்பட்டது. பிற்காலத்தில் மண்ணையும் மரங்களையும் மக்கள் கூட்டத்தையும் அதன்மீது ஏற்ற முடிந்தமைக்கு இதுவே அடிப்படை.

கைவிடப்பட்ட காலம்

இரண்டாம் உலகப்போருக்குப் பின் சரக்குந்துப் போக்குவரத்து பெருகியதால் பாதையின் தேவை குறைந்தது. தென்கோடிப் பகுதி 1960இல் இடிக்கப்பட்டது. 1980இல், உறைய வைத்த வான்கோழி இறைச்சி ஏற்றிய மூன்று பெட்டிகளுடன் கடைசி வண்டி ஓடியது. அதன்பின் வண்டிகள் ஓடவில்லை.

பாதைக்குக் கீழே உள்ள நிலங்களின் உரிமையாளர்கள் அது இடிக்கப்பட வேண்டும் என்று வற்புறுத்தினர். தலைக்கு மேலே துருப்பிடித்த எஃகுப் பாலம் நிற்கும்வரை அந்நிலங்களில் எதுவும் கட்ட இயலாது என்பதால் அவர்களுடைய கோரிக்கை நியாயமற்றது என்று கூற முடியாது. அப்பகுதியில் வாழ்ந்த இருப்புப்பாதை ஆர்வலர் பீட்டர் ஒப்லெட்சு இதனை எதிர்த்து 1980களில் வழக்காடினார். பாதையின் அன்றைய உரிமையாளரான கான்ரெயில் நிறுவனத்திடமிருந்து அதனை 10 டாலருக்கு அவர் விலைக்கும் வாங்கினார். அந்த விற்பனை பின்னர் செல்லாததாக்கப்பட்டது. 1991இல் மேலும் ஐந்து தொகுதிகள் நீளமுள்ள பகுதி இடிக்கப்பட்டது. மீதிப் பகுதி தப்பியதற்கு அழகுணர்ச்சி காரணமன்று; இடிப்புச் செலவை யார் ஏற்பது என்ற பூசல் பல ஆண்டுகள் தீராமல் இருந்ததே காரணம்.

இதற்கிடையில், பயன்பாடற்ற தடத்தில் காற்றும் பறவைகளும் கொண்டுவந்த விதைகள் முளைத்துப் புல்வெளியாகப் பரவின. 2004இல் வெளிவந்த ஒரு தாவரவியல் ஆய்வு, யாரும் நடாமலேயே 161 இனத் தாவரங்கள் அங்கு வளர்ந்திருப்பதைப் பதிவு செய்தது.

பூங்காவாக மாற்றம்

பாதையின் எதிர்காலம் குறித்து 1999இல் நடந்த ஒரு வட்டாரக் கூட்டத்தில் ஜோசுவா டேவிட், ராபர்ட் ஹாமண்ட் என்னும் இரு குடியிருப்பாளர்கள் தற்செயலாக அருகருகே அமர்ந்தனர். இருவரும் இணைந்து 'ஹை லைன் நண்பர்கள்' அமைப்பைத் தொடங்கினர். ஒளிப்படக் கலைஞர் ஜோயெல் ஸ்டெர்ன்பெல்ட் எடுத்த படங்கள், தெருவிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாத அந்தப் புல்வெளியை மக்களுக்குக் காட்டின. எனினும் மாநகர முதல்வர் ரூடி ஜூலியானியின் நிர்வாகம், 2001 டிசம்பரில் பதவிக்காலம் முடியும் தறுவாயில், இடிப்புக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. அடுத்து வந்த மைக்கேல் புளூம்பெர்க்கின் நிர்வாகம் 2002இல் இம்முடிவை மாற்றிக்கொண்டது. 2003இல் நடத்தப்பட்ட கருத்துப் போட்டியில் 36 நாடுகளிலிருந்து 720 குழுக்கள் கலந்துகொண்டன.

இருப்பினும் பாதையைக் காத்தவை படங்களும் போட்டிகளும் மட்டுமல்ல. இரண்டு சட்ட ஏற்பாடுகள் இன்றியமையாதனவாக இருந்தன. முதலாவது, பயன்பாட்டில் இல்லாத இருப்புப்பாதைகளை நடைபாதைகளாகப் பேண வழிசெய்யும் 1983ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டத்திருத்தம். இதன்படி பாதை கைவிடப்பட்டதாகக் கருதப்படாமல், எதிர்காலத் தொடர்வண்டிப் போக்குவரத்துக்காக ஒதுக்கி வைக்கப்பட்டதாகவே கருதப்படும். சட்டத்தின் பார்வையில் இப்பூங்கா ஓர் இடைக்கால ஏற்பாடே! இரண்டாவது, 2005இல் மேற்கு செல்சீ பகுதிக்கு வகுக்கப்பட்ட புதிய நிலப்பயன்பாட்டு விதி. பாதையின் கீழ் நிலம் வைத்திருந்தவர்கள் தங்களால் பயன்படுத்த இயலாத கட்டுமான உரிமையை அருகிலுள்ள வேறு மனைகளுக்கு விற்கலாம் என அது அனுமதித்தது. இடிக்கக் கோரிய உரிமையாளர்களின் எதிர்ப்பு இதன்பின் தணிந்தது. அதே ஆண்டில் அப்போதைய உரிமையாளரான சி.எஸ்.எக்ஸ். நிறுவனம் பாதையை நகராட்சிக்கு நன்கொடையாக அளித்தது.

கட்டுமானப் பணி 2006 ஏப்ரலில் தொடங்கியது. கான்சவூர்ட் தெருவிலிருந்து 20ஆம் தெரு வரையுள்ள முதற்பகுதி 2009 சூன் 9 அன்று பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 30ஆம் தெரு வரையுள்ள இரண்டாம் பகுதி 2011 சூனிலும், வண்டி நிறுத்தப் பணிமனையைச் சுற்றிச் செல்லும் மூன்றாம் பகுதி 2014 செப்டம்பரிலும், 'ஸ்பர்' எனப்படும் கிளைத்தடம் 2019 சூனிலும் திறக்கப்பட்டன. அங்கிருந்து மொய்னிகான் தொடர்வண்டி நிலையத்தை நோக்கிச் செல்லும் இணைப்புப் பாலம் 2023 சூனில் சேர்க்கப்பட்டது.

வடிவமைப்பு

ஜேம்ஸ் கார்னரின் நிலத்தோற்ற வடிவமைப்பு நிறுவனமும், டில்லர் ஸ்கோபிடியோ + ரென்ப்ரோ கட்டடக்கலை நிறுவனமும், நெதர்லாந்தைச் சேர்ந்த தோட்டக்கலைஞர் பீட் ஔடோல்பும் இணைந்து பூங்காவை வடிவமைத்தனர். பழைய தடத்தில் அப்படியே நடைபாதை போடப்பட்டது என்று பலர் கருதுகின்றனர். அது சரியன்று. தண்டவாளங்கள் எண்ணிடப்பட்டுக் கழற்றப்பட்டன. சரளைக்கல்லும் தானாக முளைத்த செடிகளும் அகற்றப்பட்டன. ஈயம் கலந்த பழைய வண்ணப்பூச்சு சுரண்டி எடுக்கப்பட்டது. நீர்க்கசிவுத் தடுப்பும் வடிகாலும் புதிதாக அமைக்கப்பட்டன. அதன் பின்னரே தண்டவாளங்கள் பல இடங்களில் பழைய நிலையிலேயே மீண்டும் பதிக்கப்பட்டன. எந்தப் புல்வெளியைக் காக்க மக்கள் போராடினரோ அது பெரும்பாலும் நீக்கப்பட்டு, அதன் சாயலில் வேறொன்று நடப்பட்டது.

நடைபாதை நீண்ட கான்கிரீட் பலகைகளால் ஆனது. பலகைகளின் முனைகள் சீப்பின் பற்களைப் போலக் குறுகிச் செடிப்பாத்திக்குள் நுழைகின்றன. இதனால் பாதை எங்கு முடிகிறது, தோட்டம் எங்கு தொடங்குகிறது என்ற கோடு மறைகிறது. பலகைகளுக்கு இடையிலான இடைவெளி வழியே மழைநீர் பாத்திகளுக்குச் செல்கிறது.

தெற்கிலிருந்து வடக்காக

தென்முனையில் பாலம் வெட்டப்பட்டது போல் திடீரென முடிகிறது. 1991இல் இடிக்கப்பட்ட இடம் இதுவே. அருகில் ரென்சோ பியானோ வடிவமைத்து 2015இல் திறக்கப்பட்ட விட்னி அருங்காட்சியகம் உள்ளது. சற்று வடக்கே ஸ்டாண்டர்டு தங்குவிடுதியின் கட்டடம் பாதையின் இருபுறமும் கால் ஊன்றி நிற்க, நடப்பவர் அதன் அடியில் செல்கிறார். 14ஆம் தெருவுக்கு அப்பால் அட்சன் ஆற்றை நோக்கிய சாய்வுப் பலகைகள் உள்ளன. அவற்றுட் சில, சக்கரங்களுடன் பழைய தண்டவாளத்தின் மேலேயே அமைந்தவை.

அடுத்துப் பாதை செல்சீ சந்தைக் கட்டடத்தின் உள்ளே நுழைகிறது. இது முன்பு நாபிஸ்கோ பிஸ்கட் தொழிற்சாலை. ஓரியோ பிஸ்கட் 1912இல் முதன்முதலாகச் செய்யப்பட்டது இத்தொழிற்சாலை வளாகத்தில்தான்.

17ஆம் தெருவில் பாதை பத்தாம் நிழற்சாலையைக் குறுக்கே கடக்கிறது. இங்கே பாலத்தின் தரைச் சட்டங்கள் சில நீக்கப்பட்டு, படிப்படியாகக் கீழிறங்கும் இருக்கைகளும் முன்புறம் பெரிய கண்ணாடிகளும் அமைக்கப்பட்டுள்ளன. திரையரங்கில் அமர்ந்திருப்பவரைப் போல மக்கள் அமர்ந்து, கீழே ஓடும் வண்டிகளைப் பார்க்கின்றனர். ஒரு காலத்தில் சாவுச் சாலை என்று அஞ்சப்பட்ட தெரு அதுவே. முழு நடையிலும் தவறவிடக் கூடாத இடம் இது எனலாம்.

20ஆம் தெருவுக்குப் பின் அடர்ந்த புதர்களும், 23ஆம் தெருவில் சிறு புல்தரையும் வருகின்றன. 25ஆம் தெருவை ஒட்டி நடைபாதை மேலும் 8 அடி உயர்ந்து உலோக மேடையாகி, மக்னோலியா, சுமாக் மரங்களின் உச்சிக்கிளைகளுக்கிடையே செல்கிறது. இருபுறமும் உள்ள பழைய கிடங்குகளின் நிழலால் இவ்விடம் எப்போதும் சற்றுக் குளிர்ந்திருக்கும். 28ஆம் தெருவில் சகா அதீத் வடிவமைத்த வளைவான அடுக்ககம் பாதையை ஒட்டியே எழுகிறது. 30ஆம் தெருவில் பிரியும் கிளைத்தடத்தில் பெரிய சிற்பங்கள் மாறிமாறி வைக்கப்படுகின்றன. 2019இல் முதலாவதாக வைக்கப்பட்டது சிமோன் லீயின் 16 அடி உயர வெண்கலச் சிலை. மேற்கே திரும்பும் கடைசிப் பகுதியில் மட்டும், 2014இல் அது திறக்கப்பட்டபோது, தானாக முளைத்த பழைய செடிகள் அகற்றப்படாமல் விடப்பட்டன. ஸ்டெர்ன்பெல்டின் படங்களில் உள்ளதைத் தேடி வருபவர் இங்குதான் வர வேண்டும். பின்னர்ப் பாதை சரிந்து 34ஆம் தெருவில் தரையைத் தொடுகிறது.

தாவரங்கள்

மண்ணின் சராசரி ஆழம் 18 அங்குலம் மட்டுமே. கீழிருந்தும் குளிர்காற்று தாக்குவதால் தரையில் உள்ள தோட்டத்தைவிட இங்கு வேர்கள் விரைவில் உறைகின்றன. எனவே வறட்சியையும் குளிரையும் தாங்கும் இனங்களே தேர்ந்தெடுக்கப்பட்டன. பூத்து முடிந்த செடிகள் உடனே வெட்டப்படுவதில்லை. காய்ந்த தண்டும் விதைத்தலையும் குளிர்காலத்திற்கு உரிய அழகு என்பது ஔடோல்பின் கொள்கை. இளவேனில் தொடக்கத்தில் பணியாளர்களும் தன்னார்வலர்களும் அவற்றைக் கைக்கத்தரிகளால் வெட்டி நீக்குகின்றனர். நாய்களும் மிதிவண்டிகளும் அனுமதிக்கப்படுவதில்லை.

விளைவுகளும் விமர்சனங்களும்

பூங்கா எதிர்பார்ப்புகளைக் கடந்து வெற்றி பெற்றது. 2019 வாக்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 80 இலட்சம் பேர் வந்தனர். அவ்வெற்றியே அதன் மீதான முதன்மைக் குற்றச்சாட்டுமாகும். சுற்றிலும் விலையுயர்ந்த அடுக்ககங்கள் எழுந்தன, வாடகை உயர்ந்தது, பழுதுபார்க்கும் பட்டறைகளும் சிறு கடைகளும் வெளியேறின. பாதையைக் காத்த அதே கட்டுமான உரிமை விற்பனைதான் இக்கட்டடங்களுக்கும் வழி திறந்தது என்பதால், இவ்விளைவைத் தற்செயல் என்று ஒதுக்க இயலாது. சில எட்டு தூரத்தில் உள்ள புல்டன், எலியட்-செல்சீ பொதுக் குடியிருப்புகளில் வாழும் எளிய மக்கள் பூங்காவைத் தங்களுக்குரியதாகக் கருதவில்லை. நிறுவனர்களுள் ஒருவரான ஹாமண்டே 2017இல், அக்கம்பக்கத்தாருக்காக ஒன்றைச் செய்ய முனைந்து அதில் தாங்கள் தோற்றுவிட்டதாகக் கூறினார். வடிவமைப்பு எப்படி இருக்க வேண்டும் என்று அம்மக்களிடம் கேட்ட தாங்கள், அவர்களுக்கு என்ன செய்ய முடியும் என்று கேட்டிருக்க வேண்டும் என்பது அவருடைய கருத்து. அதன்பின் அவ்வமைப்பு குடியிருப்பு இளைஞர்களுக்கான வேலைப் பயிற்சியில் கூடுதல் கவனம் செலுத்தியது. இதே தவறு பிற நகரங்களில் நேராதிருக்க, இத்தகைய திட்டங்களை நடத்துவோருக்கான கூட்டமைப்பு ஒன்றையும் உருவாக்கியது.

ஒத்த பூங்காக்கள்

இவ்வகையில் ஹை லைன் முதலாவது அன்று. பாரிசில் 1969இல் மூடப்பட்ட இருப்புப்பாதை மீது 1993இல் அமைந்த புரோமனாட் பிளாந்தே அதற்கு முன்னோடி. ஹை லைனுக்குப் பின் சிகாகோவில் '606' என்னும் தடம் 2015இல் திறக்கப்பட்டது. சியோலில் 2017இல் திறக்கப்பட்ட சியோலோ 7017, இருப்புப்பாதைக்கு மாறாகப் பழைய சாலை மேம்பாலம் ஒன்றின் மீது அமைந்ததாகும்.